நாம் வாங்காத கடன் நம் பெயரில்

அரசுப் பள்ளி ஆசிரியருக்குக் கடன் தர எந்த வங்கியும் தயங்காது என்பது பொதுவான எண்ணம். மாதம் தவறாமல் சம்பளம் வருகிறது, பணிப் பாதுகாப்பு இருக்கிறது, பிடித்தங்கள் எல்லாம் கணக்கில் இருக்கின்றன. அப்படிப்பட்ட ஓர் ஆசிரியையின் வீட்டுக் கடன் விண்ணப்பம் திரும்பி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். கிளை மேலாளர் சொல்லும் காரணம் இது: “உங்கள் சிபில் அறிக்கையில் ஒரு நிலுவை இருக்கிறது, மேடம். ஐந்து வருடத்துக்கு முன்னால் ஒரு போஸ்ட்பெய்டு செல்பேசி இணைப்புக்கு 1,140 ரூபாய் கட்டாமல் விட்டிருக்கிறீர்கள்.” அந்த ஆசிரியை வாழ்நாளில் போஸ்ட்பெய்டு இணைப்பே வைத்திருந்ததில்லை.

இந்த இடத்தில் பெரும்பாலானோர் இரண்டில் ஒன்றைச் செய்வார்கள். ‘1,140 ரூபாய்தானே, கட்டித் தொலைப்போம்’ என்று கட்டிவிடுவார்கள். அல்லது ‘நான் வாங்கவே இல்லை, எனக்கென்ன’ என்று விட்டுவிடுவார்கள். இரண்டுமே கேட்டில் முடியும். ஏன் என்பது புரிய, அந்த அறிக்கையை யார் எழுதுகிறார்கள் என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

அறிக்கை எப்படி உருவாகிறது?

‘சிபில்’ என்பதை எல்லாரும் ஒரு மதிப்பெண்ணின் பெயராகவே சொல்கிறோம். உண்மையில் அது ஒரு நிறுவனத்தின் பெயர். இந்தியாவில் இத்தகைய கடன் தகவல் நிறுவனங்கள் நான்கு இருக்கின்றன: டிரான்ஸ்யூனியன் சிபில், ஈக்விஃபேக்ஸ், எக்ஸ்பீரியன், சிஆர்ஐஎஃப் ஹை மார்க். நான்கும் 2005ஆம் ஆண்டின் கடன் தகவல் நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டத்தின்கீழ், ரிசர்வ் வங்கியின் மேற்பார்வையில் இயங்குகின்றன. இவை யாருக்கும் கடன் கொடுப்பதில்லை. யாருடைய கடனையும் மறுப்பதுமில்லை. வங்கிகளும் நிதி நிறுவனங்களும் அனுப்பும் தகவல்களைத் தொகுத்து, கேட்கும் வங்கிக்குக் கொடுப்பதுதான் இவற்றின் வேலை. போஸ்ட்பெய்டு, பிராட்பேண்ட் சேவை தரும் தொலைத்தொடர்பு நிறுவனங்களின் கணக்குகளும் இந்த அறிக்கையில் இடம்பெறுவதுண்டு. முன்பணம் கட்டிப் பேசும் ப்ரீபெய்டில் கடன் என்ற பேச்சுக்கே இடமில்லை. பேசிவிட்டுப் பிறகு கட்டும் போஸ்ட்பெய்டு ஒரு வகையில் கடன்தான்.

ஒவ்வொரு நிறுவனமும் லட்சக்கணக்கான வரிகளை அனுப்புகிறது. ஒவ்வொரு வரியிலும் ஒரு பெயர், பிறந்த தேதி, பான் எண், செல்பேசி எண், முகவரி, கணக்கு எண், நிலுவைத் தொகை ஆகியவை இருக்கும். அந்த வரி யாருடையது என்று ஆள் உட்கார்ந்து பார்ப்பதில்லை. கணினி இந்த அடையாளங்களை ஏற்கெனவே இருக்கும் கோப்புகளோடு ஒப்பிட்டு, பொருந்துகிறது என்று தோன்றும் கோப்பில் சேர்த்துவிடுகிறது. பான் எண் சரியாக இருந்தால் குழப்பம் குறைவு. பான் இல்லாமலோ, பத்து எழுத்தில் ஒன்று மாறித் தட்டச்சாகியோ வந்தால், மீதி அடையாளங்களை வைத்துத்தான் தீர்மானம்.

நம் ஊரில் இந்த ஒப்பிடல் தடுமாறுவதற்குக் காரணங்கள் ஏராளம். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, முதலெழுத்துதான். செல்வி என்ற பெயரும் ‘க’ என்ற முதலெழுத்தும் உள்ளவர்கள் ஒரே வட்டத்தில் எத்தனை பேர் இருப்பார்கள்! பான் அட்டையில் முதலெழுத்தை விரித்து அப்பா பெயரைப் போட்டிருப்பார்கள். வங்கிக் கணக்கில் முதலெழுத்து மட்டும் இருக்கும். ஆதாரில் அது பெயருக்குப் பின்னால் வரும். திருமணத்துக்குப் பிறகு கணவர் பெயரின் முதலெழுத்துக்கு மாறியிருப்பார்கள். லட்சுமியை ஆங்கிலத்தில் எத்தனை விதமாக எழுதலாம் என்பது வருகைப் பதிவேடு எழுதும் நமக்குத் தெரியாததல்ல.

பிறந்த தேதியும் அப்படித்தான். சென்ற தலைமுறையில் பலருக்குப் பிறந்த தேதியைக் கொடுத்தது ஒன்றாம் வகுப்பு ஆசிரியர்தான். சேர்க்கைக்கு வயது சரியாக வரவேண்டும் என்று மே மாதத்திலோ ஜூன் மாதத்திலோ ஒரு தேதியை எழுதினார்கள். விளைவு, ஒரே பெயரும் ஒரே பிறந்த தேதியும் உள்ள இருவர் தற்செயலாக அமையக்கூடியதைவிட அதிகமாகவே இருக்கிறார்கள். நாம் நல்லெண்ணத்தோடு எழுதிய தேதி இன்று ஒரு கணினியைக் குழப்புகிறது.

இது பெயர்க் குழப்பம். இன்னொரு வகை, திருட்டு. சிம் கார்டு வாங்கக் கடையில் கொடுத்த நகலை வைத்து வேறு யாருக்கோ ஓர் இணைப்பைக் கொடுத்திருப்பார்கள். அல்லது நம் பான் எண்ணைப் பயன்படுத்திக் கடன் செயலி ஒன்றில் மூவாயிரமோ ஐயாயிரமோ வாங்கியிருப்பார்கள். பெயர்க் குழப்பத்துக்கு ஒரு திருத்த விண்ணப்பம் போதும். திருட்டுக்குக் காவல் துறைப் புகாரும் வேண்டும். ஆகவே எது நடந்தது என்று கண்டுபிடிப்பதுதான் முதல் வேலை.

உண்மையிலேயே அடுத்தவர் கடன்தானா?

புகார் எழுதும் முன் இந்தக் கேள்வியை நேர்மையாகக் கேட்டுக்கொள்ள வேண்டும். நம்மில் பலர் சக ஆசிரியருக்காக ஜாமீன் கையெழுத்துப் போட்டவர்கள். சிக்கன நாணயச் சங்கத்தில் அது ஒரு மரியாதைபோலவே ஆகிவிட்டது. ‘சார், ஒரு கையெழுத்து’ என்றால் ஓய்வறையிலேயே போட்டுக் கொடுத்துவிடுகிறோம். வங்கிக் கடனுக்கு அப்படிப் போட்டிருந்தால், அந்தக் கடன் நம் அறிக்கையில் ‘ஜாமீன்தாரர்’ என்ற குறிப்போடு வரும். அது பிழை அல்ல. 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 128ஆம் பிரிவு, வேறு ஏற்பாடு செய்துகொள்ளாத வரையில், ஜாமீன்தாரரின் பொறுப்பும் கடன் வாங்கியவரின் பொறுப்பும் ஒன்றே என்கிறது. நண்பர் தவணை தவறினால் கறை நமக்கும்தான். அதைத் திருத்தச் சொல்லி எழுதினால் திரும்பி வந்துவிடும். நண்பரிடம் பேசுவதைத் தவிர வேறு வழியில்லை.

கணவன் மனைவி இருவரும் சேர்ந்து வாங்கிய கடன் இருவர் அறிக்கையிலும் இருக்கும். இதுவும் பிழை அல்ல. ஆனால் கணவர் தனியாக வாங்கிய கடன், மனைவி அதில் கையெழுத்திடாதபோது, மனைவியின் அறிக்கையில் வரக்கூடாது. இறந்துபோன தந்தையின் கடனும் அவ்வாறே. அவர் விட்டுச்சென்ற சொத்தின் அளவுக்கு வாரிசுகளிடம் கேட்கலாமே தவிர, பிள்ளை வாங்கிய கடனாக எழுத முடியாது.

மின் கட்டண நிலுவையைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். அது பொதுவாக இந்த அறிக்கைக்கு வருவதில்லை. அதன் வழி வேறு: ஆளை விட்டுவிட்டுக் கட்டடத்தைத் தொடரும். பழைய உரிமையாளர் வைத்துப்போன பாக்கியைக் கட்டினால்தான் புதிய இணைப்பு என்று விதி வகுக்க மின் நிறுவனத்துக்கு அதிகாரம் உண்டு என்று, கேரள மின்வாரியம் சம்பந்தப்பட்ட வழக்கில் 2023 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பழைய வீடு வாங்குபவர்கள் பத்திரம் பதியும் முன்பே மின் இணைப்பு எண்ணைப் போட்டு நிலுவை பார்த்துவிடுவது நல்லது. அதற்கும் சிபிலுக்கும் சம்பந்தமில்லை.

இன்னொன்று. யாரோ ஒருவர் பெயரைச் சொல்லி, ‘பாக்கியை எப்போது கட்டுவீர்கள்’ என்று தினமும் தொலைபேசி வருகிறதா? நீங்கள் வாங்கிய எண் முன்பு வேறொருவர் வைத்திருந்து விட்டதாக இருக்கலாம். துண்டிக்கப்பட்ட எண்களைச் சில மாதங்கள் கழித்துப் புதியவர்களுக்குக் கொடுப்பது வழக்கம். அந்த அழைப்பு வருவதால் மட்டும் அந்தக் கடன் உங்கள் அறிக்கையில் ஏறிவிட்டது என்று பொருளல்ல. அழைப்பவரிடம் ஆதார் எண்ணையோ பான் எண்ணையோ ‘சரிபார்க்க’ கொடுக்காமல், முதலில் அறிக்கையை எடுத்துப் பாருங்கள்.

அறிக்கையை வாசிப்பது

2017ஆம் ஆண்டு ஜனவரி முதல், நான்கு நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒரு முறை முழு அறிக்கையை மதிப்பெண்ணோடு இலவசமாகத் தரவேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் ஆணை. நான்கையும் ஒரே நாளில் எடுக்கத் தேவையில்லை. மூன்று மாதத்துக்கு ஒன்றாக எடுத்தால் ஆண்டு முழுவதும் செலவில்லாமல் கண்காணிக்கலாம். ஆனால் பிழை ஒன்று தெரிந்துவிட்டால் நான்கையும் உடனே எடுங்கள். ஒவ்வொருவரிடமும் தனித்தனிக் கோப்பு இருப்பதால், சிபிலில் திருத்தியது மற்ற மூன்றில் தானாகத் திருந்தாது. நிறுவனங்களின் இணையதளங்களில் கட்டணத் திட்டங்கள் பெரிய எழுத்திலும் இலவச அறிக்கைக்கான இணைப்பு சிறிய எழுத்திலும் இருக்கும், பொறுமையாகத் தேடுங்கள். ‘இலவச சிபில் ஸ்கோர்’ என்று விளம்பரம் செய்யும் இடைத்தரகுச் செயலிகளில் பல, எண்ணை மட்டும் காட்டிவிட்டு நம் தொலைபேசி எண்ணைக் கடன் விற்பவர்களுக்குத் தருபவை. நமக்குத் தேவை எண் அல்ல, முழு அறிக்கை. நம் அறிக்கையை நாமே எடுத்துப் பார்ப்பதால் மதிப்பெண் குறையும் என்பது தவறான நம்பிக்கை.

அறிக்கை ஆங்கிலத்தில்தான் இருக்கும். மேலே 300 முதல் 900 வரையிலான மதிப்பெண். அதைப் பார்த்து மகிழ்வதோ வருந்துவதோ பிறகு. அதற்குக் கீழே உள்ள சொந்த விவரங்களை எழுத்து எழுத்தாகப் பாருங்கள். நீங்கள் குடியிருக்காத முகவரி, உங்களுடையதல்லாத செல்பேசி எண், வேறொரு வாக்காளர் அட்டை எண் ஏதேனும் இருந்தால், இன்னொருவரின் கோப்பு உங்களுடையதோடு கலந்திருக்கிறது என்பதற்கு அதுவே தடயம். அடுத்து கணக்குகள். ஒவ்வொரு கணக்குக்கும் கொடுத்த நிறுவனம், கணக்கு எண், வகை, தொடங்கிய தேதி, தனிநபரா கூட்டா ஜாமீனா என்ற குறிப்பு, நிலுவை ஆகியவை இருக்கும். அதன் கீழே மாதவாரியாகக் கட்டங்கள். தவணை தேதி கடந்து எத்தனை நாள் என்பதே அந்த எண். 000 என்றால் பாக்கி இல்லை, 090 என்றால் தொண்ணூறு நாள் தாமதம். ‘ரிட்டன் ஆஃப்’ என்று இருந்தால், வசூலாகாது என்று நிறுவனம் தன் கணக்கில் தள்ளிவிட்டது என்று பொருள். ‘செட்டில்டு’ என்றால் முழுத் தொகை வராமல் குறைத்துக்கொண்டு முடித்தார்கள் என்று பொருள்.

1,140 ரூபாயைக் கட்டித் தொலைக்கக் கூடாது என்று சொன்னது இதனால்தான். கட்டினால் நிலுவை சுழியமாகும்; ஆனால் கணக்கு உங்களுடையது என்று நீங்களே ஒப்புக்கொண்டதுபோல் ஆகிவிடும். பழைய தாமதக் கட்டங்கள் அப்படியே நிற்கும். ‘என் கணக்கே அல்ல’ என்று பிறகு வாதாடுவது கடினம். வங்கியின் கணினிக்கு 1,140 ரூபாயும் ஒன்றுதான், பதினோரு லட்சமும் ஒன்றுதான் என்ற நிலையும் பல இடங்களில் உண்டு. அது தொகையைவிட அந்தப் பதிவையே பார்க்கும்.

கடைசிப் பகுதி, யார் யார் உங்கள் அறிக்கையைக் கேட்டார்கள் என்ற பட்டியல். பலர் இதைப் படிப்பதே இல்லை. நீங்கள் விண்ணப்பிக்காத நிறுவனம் ஒன்று உங்கள் அறிக்கையைக் கேட்டிருந்தால், உங்கள் பெயரில் யாரோ கடன் கேட்டுப் போயிருக்கிறார் என்று பொருள். இன்னும் கணக்கு ஏறாத நிலையிலேயே திருட்டைப் பிடிக்கக்கூடிய இடம் இது ஒன்றுதான்.

திருத்தக் கேட்பது

சட்டத்தின் 21ஆம் பிரிவு, தன் தகவலைத் திருத்தச் சொல்லும் உரிமையை நமக்குத் தருகிறது. முப்பது நாளுக்குள் நடவடிக்கை வேண்டும் என்கிறது. அதே பிரிவில் ஒரு முடிச்சும் உண்டு: கணக்கைக் கொடுத்த நிறுவனம் ‘ஆம், திருத்தம் சரிதான்’ என்று சான்று தராமல் கடன் தகவல் நிறுவனம் எதையும் மாற்ற முடியாது. சிபிலுக்கு மட்டும் எழுதிவிட்டுக் காத்திருப்பவர்கள் ஏமாறுவது இங்கேதான். சிபில் அதைத் தொலைபேசி நிறுவனத்துக்கு அனுப்பும், அங்கே ஒருவர் தன் திரையைப் பார்த்து ‘எங்கள் பதிவு சரி’ என்று பதில் போட்டுவிடுவார், விண்ணப்பம் முடிந்துவிடும். ஆகவே இரண்டு இடத்துக்கும் ஒரே நாளில் எழுத வேண்டும்.

கடன் தகவல் நிறுவனத்தின் தளத்தில் திருத்த விண்ணப்பம் இலவசம். அறிக்கையின் மேலே உள்ள கட்டுப்பாட்டு எண்ணைக் குறிப்பிட்டு, தவறான கணக்கைத் தேர்ந்தெடுத்து, ‘இந்தக் கணக்கு என்னுடையது அல்ல’ என்ற காரணத்தைக் குறிக்க வேண்டும். ‘நிலுவைத் தொகை தவறு’ என்ற காரணத்தைத் தவறிக்கூடத் தேர்ந்தெடுக்கக் கூடாது. அது கணக்கை ஒப்புக்கொண்டு தொகையை மட்டும் மறுப்பதாகும். அன்னிய முகவரியும் எண்ணும் இருந்தால் அவற்றையும் தனியாகக் குறியுங்கள். கலப்புக்குக் காரணமே அவையாக இருக்கும். அவை அங்கேயே கிடந்தால், அந்த இன்னொருவரின் அடுத்த கணக்கும் உங்களிடம்தான் வந்து சேரும்.

கணக்கைக் கொடுத்த நிறுவனத்துக்கு எழுதும் கடிதம் சுருக்கமாக இருக்கட்டும். நம் மன உளைச்சலை விவரிப்பதால் பயனில்லை. இப்படி எழுதலாம்:

“என் கடன் அறிக்கையில் தங்கள் நிறுவனத்தின் பெயரில் கீழ்க்கண்ட எண்ணுள்ள கணக்கு இடம்பெற்றுள்ளது. இந்தக் கணக்கை நான் தொடங்கவில்லை; அதற்கான விண்ணப்பத்தில் கையொப்பமிடவில்லை; சேவையோ பணமோ பெறவில்லை. இந்தக் கணக்கு தொடங்கியபோது பெறப்பட்ட விண்ணப்பப் படிவம், புகைப்படம், அடையாளச் சான்று, முகவரிச் சான்று ஆகியவற்றின் நகல்களை அனுப்புமாறு கேட்டுக்கொள்கிறேன். அவை என்னுடையவை அல்ல எனில், நான்கு கடன் தகவல் நிறுவனங்களிலிருந்தும் இந்தக் கணக்கை என் பெயரிலிருந்து நீக்கி, நீக்கியதை எழுத்துப்பூர்வமாக உறுதிப்படுத்துமாறு கேட்டுக்கொள்கிறேன். இக்கடிதம் கடனை ஒப்புக்கொள்வதாகாது.”

இதில் உயிர்நாடி, ஆவணங்களைக் கேட்கும் வரி. ‘நான் இல்லை’ என்று நிரூபிப்பது நமக்குக் கடினம். ‘இவர்தான்’ என்று காட்ட அவர்களிடம் படிவம் இருக்க வேண்டும். படிவத்தில் வேறொருவர் முகம் இருந்தால் விஷயம் முடிந்தது. படிவமே கிடைக்கவில்லை என்றாலும் வாதம் நம் பக்கம்தான். உங்கள் ஆதார், பான் நகல்களோடு, கணக்கு தொடங்கிய தேதியில் நீங்கள் வேறு ஊரில் பணியாற்றியதற்குச் சான்றாகப் பணிப்பதிவேட்டின் பக்கத்தையும் இணைக்கலாம். எந்தத் தேதியில் எந்தப் பள்ளியில் இருந்தோம் என்பதை ஆசிரியரைப்போல முத்திரையோடு காட்டக்கூடியவர் குறைவு. கடிதத்தை ஆங்கிலத்தில் அனுப்பினால் வேலை விரைவாக நடக்கும் என்பது நடைமுறை உண்மை. பள்ளியில் ஆங்கில ஆசிரியர் ஒருவர் இல்லாமலா போவார்? மின்னஞ்சலிலும் விரைவுத் தபாலிலும் அனுப்பி, புகார் எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். வாடிக்கையாளர் சேவை எண்ணில் பேசியதெல்லாம் கணக்கில் வராது.

நாள் கணக்கு இங்கே முக்கியம். ரிசர்வ் வங்கி 2023 அக்டோபர் 26 அன்று ஓர் இழப்பீட்டு முறையை அறிவித்தது. ஆறு மாதம் கழித்து நடைமுறைக்கு வந்தது. புகார் கொடுத்த நாளிலிருந்து முப்பது நாளில் தீரவில்லை என்றால், அதற்குப் பின் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் நமக்குச் சேரும். கடன் கொடுத்த நிறுவனத்துக்கு 21 நாள். மீதி 9 நாள் கடன் தகவல் நிறுவனத்துக்கு. யார் தாமதித்தாரோ அவர் தரவேண்டும். ஐம்பதாவது நாளில் தீர்ந்தால் இருபது நாள் தாமதம், 2,000 ரூபாய். தொகை பெரிதல்ல, ஆனால் நாள் எண்ணப்படுகிறது என்று தெரிந்தால் கோப்பு நகரும். விண்ணப்பத்தை நிராகரித்தால் காரணத்தைச் சொல்லவும் வேண்டும். ‘பதிவு சரி’ என்ற இரண்டு சொல் காரணமாகாது என்று திரும்ப எழுதுங்கள்.

முப்பது நாளில் பதில் வரவில்லை, அல்லது வந்த பதில் ஏற்கத்தக்கதாக இல்லை என்றால் ரிசர்வ் வங்கியின் ஆம்பட்ஸ்மேனிடம் போகலாம். 2022 செப்டம்பர் 1 முதல் கடன் தகவல் நிறுவனங்களும் இந்தத் திட்டத்துக்குள் வந்துவிட்டன. கட்டணம் இல்லை, வழக்கறிஞர் தேவையில்லை. ரிசர்வ் வங்கியின் புகார் மேலாண்மைத் தளத்தில் பதியலாம். 14448 என்ற கட்டணமில்லா எண்ணில் தமிழிலேயே விளக்கம் கேட்கலாம். முதலில் நிறுவனத்திடம் எழுத்தில் புகார் செய்த சான்று கட்டாயம். அது இல்லாமல் போனால் வாசலிலேயே திருப்பிவிடுவார்கள்.

தொலைபேசி பாக்கி விஷயத்தில் ஒரு சிக்கல். தொலைத்தொடர்பு நிறுவனம் ரிசர்வ் வங்கியின் கட்டுப்பாட்டில் இல்லை. எனவே ஆம்பட்ஸ்மேனிடம் அதன்மீது புகார் செய்ய முடியாது. கடன் தகவல் நிறுவனத்தின்மீது மட்டுமே முடியும். தொலைபேசி நிறுவனத்துக்கு உள்ளேயே இரண்டு படி உண்டு. புகார் மையம் முதல் படி. அங்கே சரியாகவில்லை என்றால் மேல்முறையீட்டு அதிகாரி. அதற்கும் மேலே மத்திய அரசின் பொதுக் குறைதீர் தளம் வழியாகத் தொலைத்தொடர்புத் துறைக்கு எழுதலாம். நுகர்வோர் ஆணையமும் இருக்கிறது. தொலைபேசிச் சேவைக் குறைபாட்டுக்கு நுகர்வோர் ஆணையத்தை நாடலாம் என்று 2022 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது; நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். ஆனால் ‘நான் இவர்களின் வாடிக்கையாளரே அல்ல’ என்று சொல்பவர் எப்படி நுகர்வோர் ஆவார் என்று எதிர்த்தரப்பு கேட்கக்கூடும். அதனால் வழக்குக்கு முன் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் ஆலோசனை கேட்பது நல்லது. பெண்களுக்கும், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமானம் எவ்வளவாக இருந்தாலும் அங்கே இலவச சட்ட உதவி உண்டு.

திருட்டு என்று தெரிந்தால்

படிவத்தில் உங்கள் ஆதார் நகலும் வேறொருவர் கையெழுத்தும் இருந்தால் அது பெயர்க் குழப்பம் அல்ல. உள்ளூர்க் காவல் நிலையத்திலோ தேசிய சைபர் குற்றத் தளத்திலோ புகார் செய்து ரசீது வாங்குங்கள். நிலையத்தில் தரும் சி.எஸ்.ஆர். ரசீதே பல நிறுவனங்களை அசைத்துவிடும். பணமும் போயிருந்தால் 1930 எண்ணை உடனே அழைக்க வேண்டும். மற்றவரின் மின்னணு அடையாளத்தை மோசடியாகப் பயன்படுத்துவது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66சி பிரிவின்கீழ் மூன்றாண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம்.

அதோடு, தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் உங்கள் எண்ணைக் கொடுத்து நுழைந்தால், உங்கள் பெயரில் எத்தனை செல்பேசி இணைப்புகள் இருக்கின்றன என்று காட்டும். நமக்குத் தெரியாத எண் இருந்தால் ‘என்னுடையது அல்ல’ என்று அங்கேயே குறிக்கலாம். ஐந்து நிமிட வேலை.

நகல் விஷயத்தில் பள்ளிக்கூடத்துக்கும் ஒரு பொறுப்பு இருக்கிறது. வருமான வரிக்காக எல்லார் பான் நகலும் ஒரு கோப்பில் கிடக்கிறது. உதவித்தொகைக்காக மாணவர் ஆதார், பெற்றோர் ஆதார், வங்கிப் புத்தக நகல் என்று கட்டுக் கட்டாகச் சேர்கிறது. ஜெராக்ஸ் கடையில் சரியாக விழாத நகலை அங்கேயே விட்டு வருகிறோம். வகுப்பு வாட்ஸ்ஆப் குழுவில் ஆதார் படத்தை அனுப்பச் சொல்கிறோம். நகலின் குறுக்கே எதற்காக, எந்தத் தேதியில் கொடுத்தது என்று எழுதிக் கையெழுத்திடும் பழக்கமும், முதல் எட்டு இலக்கங்கள் மறைக்கப்பட்ட ஆதாரைக் கேட்கும் பழக்கமும் அலுவலகத்தில் வந்தால் நல்லது.

பெற்றோரும் மாணவரும்

நமக்காவது அறிக்கையை வாசிக்கத் தெரியும். பன்னிரண்டாம் வகுப்பு முடித்த மாணவி கல்விக் கடன் கேட்டுப் போகும்போது தந்தையோ தாயோ இணைக் கடன்தாரர். அந்தத் தாயின் பெயரில் அவருக்குத் தெரியாத ஒரு கடன் நிற்கிறது என்றால், பிள்ளையின் விண்ணப்பமும் தேங்கும். சேர்க்கைக்குக் கட்டணம் கட்டும் கடைசி நாள் யாருக்காகவும் காத்திருக்காது. சிபில் மதிப்பெண் குறைவு என்பதை வைத்துக் கல்விக் கடனை மறுக்கக் கூடாது என்று கேரள உயர் நீதிமன்றம் 2023இல் ஒரு வழக்கில் சொல்லியிருக்கிறது. ஆனால் ஒவ்வொரு குடும்பமும் நீதிமன்றம் போக முடியுமா? திருத்தத்துக்கு முப்பது நாள் வேண்டும் என்பதால், பொதுத் தேர்வு முடிந்த கையோடு பெற்றோரின் அறிக்கையை எடுத்துப் பார்க்கச் சொல்வது நடைமுறைக்கு உகந்தது. மேல்நிலை வகுப்பு ஆசிரியர்கள் ஒரு பெற்றோர் கூட்டத்தில் பத்து நிமிடம் ஒதுக்கினால் போதும்.

வங்கித் தேர்வு எழுதும் பழைய மாணவர்களுக்கும் இது தெரிந்திருக்க வேண்டும். வங்கிப் பணிக்கான அறிவிக்கைகளில் கடன் வரலாறு சரியாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை இப்போது வருகிறது. கடன் வரலாறு சரியில்லை என்று ஒருவரின் நியமனத்தைப் பாரத ஸ்டேட் வங்கி ரத்து செய்ததைச் சென்னை உயர் நீதிமன்றம் 2025இல் ஏற்றுக்கொண்டது. தான் வாங்கிய கடனுக்கு அப்படி நேர்ந்தால் அது வேறு. தேர்வில் வென்று வந்த பிள்ளை இன்னொருவர் பாக்கியால் அந்த நிலைக்குப் போகக் கூடாது.

‘சிபிலைச் சுத்தம் செய்து தருகிறோம்’ என்று சுவரொட்டி ஒட்டுபவர்களிடம் போகவேண்டாம். பிழையை நீக்க அவர்கள் செய்வதும் மேலே சொன்ன இலவச விண்ணப்பம்தான். பிழையில்லாத பதிவை யாராலும் நீக்க முடியாது. இதற்கிடையில் நம் பான், ஆதார், கடவுச்சொல் எல்லாம் அவர்கள் கைக்குப் போய்விடும்.

திருத்தம் ஆகிவிட்டது என்று செய்தி வந்த பிறகு அறிக்கையைத் திரும்ப எடுத்து, கணக்கு உண்மையிலேயே மறைந்துவிட்டதா, நிலுவையை மட்டும் சுழியமாக்கியிருக்கிறார்களா என்று பாருங்கள். சுழியமாக்கியது திருத்தம் ஆகாது. மறுபடி எழுத வேண்டும். நீக்கிய கணக்கு, நிறுவனம் அடுத்த முறை தரவு அனுப்பும்போது திரும்ப ஏறிவிடுவதும் உண்டு. ஆகவே இரண்டு மாதம் கழித்து இன்னொரு முறை பாருங்கள். நிறுவனம் கொடுத்த நீக்கக் கடிதத்தைப் பணிப்பதிவேட்டு நகலோடு சேர்த்துப் பத்திரமாக வையுங்கள். வங்கியில் பழைய அறிக்கையை வைத்துக்கொண்டு யாராவது கேட்டால் அந்த ஒரு தாள்தான் பதில். வங்கியில் பதிந்துள்ள செல்பேசி எண் இப்போது நீங்கள் பயன்படுத்தும் எண்தானா என்பதையும் உறுதிசெய்துகொள்ளுங்கள். உங்கள் அறிக்கையை யாராவது எடுத்தால் குறுஞ்செய்தியிலோ மின்னஞ்சலிலோ தெரிவிக்க வேண்டும் என்பது இப்போது விதி. அந்தச் செய்தி பழைய எண்ணுக்குப் போனால் அதைப் படிப்பவர் வேறு யாரோ.